உதைக்கிற மாடும் எழுதி வைக்காத காளையும்: மாட்டின் குணத்தை வழிவழியாகத் திருத்த ஒரு முழு வழிகாட்டி

பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு பிடிக்க வரும் பாலக்காட்டுக்காரர் பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவிப் பார்ப்பார், கடைசியாக ஒரே வார்த்தை கேட்பார்: “தொழிக்குமோ?” உதைக்குமா என்று அர்த்தம். அதற்கு யாவாரி சொல்லும் பதிலும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மாறவில்லை. “கொழந்தைகூடக் கறக்கலாமுங்க.”

அந்தப் பதிலை நம்பி நானும் ஒரு செவ்வாய்க்கிழமை மாடு பிடித்தேன். ரெண்டாம் ஈத்து, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு. தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடிக்கும்வரை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கட்டுத்தரைக்கு (மாட்டுத் தொழுவத்துக்கு) வந்து, ராத்திரி தண்ணியும் சோளத்தட்டும் கண்டது. விடிகாலையில் மடி கழுவக் கை வைத்தேன். வலது பின்னங்கால் ஒரே ஒரு தடவை வந்தது. செம்பு சாணிக் குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. சந்தையில் நான் பார்த்த சாந்தம், அதற்கு முந்தின ராத்திரி முழுக்க வண்டியில் நின்று வந்த களைப்பு என்று அப்போதுதான் புரிந்தது.

ஆத்தா திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னாங்க: “பொறவிக் கொணம் பொங்கல் வெச்சாலும் போவாது கண்ணு.” மிருகாசுபத்திரியில் (எல்லைக்கு இந்தப் பக்கம் கால்நடை மருந்தகத்துக்கு அதுதான் பெயர்) விசாரித்தால், “எல்லாம் வளத்துறதுலதான் இருக்கு” என்றார்கள். இரண்டில் எது சரி என்பதற்கு விடை இருக்கிறது. அது எண்ணாகவே இருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு நாலைந்து மாடு வைத்திருப்பவர் என்ன செய்யலாம் என்பதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: குணமா, வலியா என்று பிரிப்பது

மரபணு நேற்று ஒன்றாகவும் இன்று வேறாகவும் இருக்காது. மூணு ஈத்தாகச் சாதுவாக நின்ற மாடு திடீரென்று உதைத்தால் பிறப்பைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் மடியைப் பாருங்கள். மடிநோயின் தொடக்கம், காம்பு வெடிப்பு, கன்று போட்ட புதிதில் மடியில் நீர் கோத்துக்கொள்வது, ஈக்கடி, கறப்பவரின் நீண்ட நகம் என்று காரணம் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்த்தால், பால் திரிந்த கட்டி இருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது உடம்புக்குள்ளே. மக்னீசியம் குறைந்தால் மாடு சத்தத்துக்குத் தூக்கிப்போடும், நடுங்கும். நல்ல கறவையில் கன்று போட்ட சில வாரங்களில் கீட்டோசிஸ் (தீனிச் சத்து போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதால் வரும் கோளாறு) வந்தால் சில மாடுகள் தன்னைத்தானே நக்கிக்கொண்டே இருக்கும், சுவரில் தலையை அழுத்தும், பாயவும் செய்யும். இவற்றுக்கு மருந்து இருக்கிறது.

வெறிநோய் மட்டும் தனி. சாதுவான மாடு திடீரென்று பாய்ந்தால், குரல் கரகரத்துக் கத்தினால், வாயில் எச்சில் வடிந்து தண்ணீர் விழுங்க முடியாமல் நின்றால், தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடவே கூடாது. ஒதுக்கிக் கட்டிவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். எச்சில் பட்டவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும்.

சினைப்பருவத்து ஆர்ப்பாட்டத்தையும், கன்று போட்ட முதல் சில நாள் யாரையும் அண்ட விடாத முறைப்பையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. என் மாட்டை இவ்வளவும் பார்த்தேன். மடி சுத்தம், காம்பு சுத்தம். அது ஆரோக்கியமாக உதைத்தது.

இரண்டாம் படி: குணம் என்பதை நாலாகப் பிரிப்பது

‘கொணங்கெட்ட மாடு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் நாலு சங்கதி இருக்கிறது. ஒன்று மிரட்சி: புது ஆள், புது இடம், பைக் சத்தம் கண்டு விலகி ஓடுவது. இரண்டு முட்டல்: ஆளையோ பக்கத்து மாட்டையோ தேடிப் போய்ப் பாய்வது. மூன்று கன்றுப் பாசத்தில் வரும் காவல். நாலு கறவைக் குணம்: மடியில் கை பட்டால் நிற்பதா, கால் தூக்குவதா, பாலை அடக்கிக்கொள்வதா என்பது.

இவை நாலும் சேர்ந்தே வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கறக்கும்போது அசை போட்டுக்கொண்டு நிற்கும் மாடு தெருவில் குடையைக் கண்டால் கயிற்றை அறுக்கும். மேய்ச்சலில் கை தட்டினால் ஓடிவரும் மாடு செம்பைக் கண்டால் காலைத் தூக்கும். கறவை மாடு வைத்திருக்கும் நமக்கு நாலாவதுதான் தினமும் ரெண்டு வேளை முன்னால் நிற்கிறது. அதனால் அதையே அளப்போம்.

எல்லா மிரட்சியும் குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். பர்கூர் மலை மாடு அந்நியர் அண்டினால் சிலிர்த்துக்கொண்டு விலகும். காட்டில் பட்டி போட்டு மேய்ப்பவருக்கு அந்தச் சுதாரிப்புதான் காவல். புலிகுளம் காளையின் துடிப்பை வாடிவாசலுக்காகவே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து பால் கறக்க நிறுத்தினால் தப்பு மாட்டின் மேல் இல்லை.

மூன்றாம் படி: பிறப்புக்கு எவ்வளவு பங்கு

ஒரு ஊர் மாடுகளுக்குள் குணத்தில் வித்தியாசம் இருக்கிறது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு, அடுத்த தலைமுறைக்குக் கடத்தக்கூடிய மரபிலிருந்து வருகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதை மரபுப் பங்கு என்று சொல்லிக்கொள்வோம். பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றுவரை போகும். கறவைக் குணத்துக்குப் பல நாட்டுக் கணக்குகளில் இது ஏறக்குறைய 0.1 முதல் 0.25 வரை வருகிறது. இறைச்சி மாடுகளில் கூண்டிலிருந்து விட்டதும் பாய்ந்து ஓடும் வேகத்துக்கும், ஆளுக்கு அடங்கும் தன்மைக்கும் 0.3, 0.4 வரைகூட வரும். ஒப்பிட்டுப் பாருங்கள்: பால் அளவுக்கு ஏறத்தாழ 0.25, 0.3. சினை பிடிக்கும் தன்மைக்குப் பெரும்பாலும் 0.1க்கும் கீழே.

ஆகவே பாலைக் கூட்ட முடிந்தது போலவே, கொஞ்சம் மெதுவாக, குணத்தையும் திருத்த முடியும். ஆத்தா சொன்னது கால்வாசி சரி. ஆசுபத்திரிக்காரர் சொன்னது முக்கால்வாசி சரி. ஆனால் அந்தக் கால்வாசிதான் கன்றுக்கும் அதன் கன்றுக்கும் போகிறது. வளர்ப்பை ஒவ்வொரு கன்றுக்கும் புதிதாகத் தொடங்க வேண்டும்.

இதில் ஒரு குழப்பம் வரும். 0.2 என்றால் ‘ஓர் உதையில் ஐந்தில் ஒரு பங்கு மரபணு’ என்று அர்த்தமில்லை. மாட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றிய எண் அது. தனி மாட்டைப் பிரித்துச் சொல்லும் எண் இல்லை.

எந்த மரபணு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் துளித்துளியாக. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளை உணரும் டி.ஆர்.டி.4 என்ற மரபணு மாட்டின் 29ஆவது குரோமோசோமில் இருக்கிறது. குணத்தோடு தொடர்பு காட்டிய இடங்களில் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2020இல் வெளியிட்ட ஆய்வில், மாட்டின் குணத்தோடு சேரும் மரபணுக்களில் பல, மனிதர்களில் ஆட்டிசத்தோடு சேர்த்துப் பேசப்படும் மரபணுக்களாக இருந்தன. மாடும் மனிதனும் பயத்தைக் கையாளும் ஏற்பாடு அவ்வளவு பழையது. ஆனால் ஒரே மரபணுவைச் சோதித்துக் ‘குணச் சான்றிதழ்’ தருகிறேன் என்று யாராவது வந்தால் காசு கொடுக்காதீர்கள்.

பொறுக்கி எடுத்தால் குணம் மாறுமா என்ற சந்தேகத்துக்கு நரிதான் சாட்சி. சோவியத் விஞ்ஞானி பெல்யாயெவ் 1959இல் சைபீரியாவில் தொடங்கிய பண்ணையில், ஆளைக் கண்டு குறைவாகப் பயப்படும் வெள்ளி நரிகளை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை இணை சேர்த்தார்கள். பத்து தலைமுறைக்குள்ளாகவே வாலாட்டிக்கொண்டு கையை நக்கும் குட்டிகள் வந்தன. பழக்கவில்லை, பயிற்சி தரவில்லை. பொறுக்கியது மட்டும்தான்.

நாலாம் படி: அளப்பது

ஆஸ்திரேலியாவில் 1980களில் ஒரு முறை கொண்டுவந்தார்கள். கூண்டைத் திறந்ததும் மாடு முதல் 1.7 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி எடுக்கிறது என்று மின்கண் வைத்து அளப்பது. வேகமாகப் பாய்வது மிரட்சி மாடு. அருமையான முறை, ஆனால் நமக்கு ஒத்துவராது. மூக்கணாங்கயிறும் தும்பும் இல்லாமல் மாட்டை யார் விடுகிறோம்? நமக்கு ஏற்றது கறவை மதிப்பெண். நான் போடுவது இப்படி.

1: ஈரத்துணி பட்டாலும் அசை நிற்காது.
2: கால் மாற்றி மாற்றி வைக்கும், தூக்காது.
3: காலைத் தூக்கும், உதைக்காது. அதட்டினால் இறக்கும்.
4: உதைக்கும், அல்லது பாலை அடக்கிக்கொள்ளும்.
5: பின்னங்காலை அணைச்சுக் கட்டாமல் கறக்க முடியாது.

மதிப்பெண் போடும் நாள் முக்கியம். தலையீத்துக் கிடேரியிடம் (முதல் கன்று போட்ட இளம்பசுவிடம்), கன்று போட்ட மூணாவது வாரத்தில் முதல் தடவை, பிறகு மாதம் ஒன்றாக இரண்டு தடவை. மூன்றின் சராசரியை எடுங்கள். கறப்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். தவிட்டுத் தொட்டி முன்னால் இருந்தால் மூன்று நாளும் இருக்கட்டும், இல்லையென்றால் மூன்று நாளும் வேண்டாம். தலையீத்தை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், நாலாம் ஈத்து மாடு பாதிப் பாடத்தை நம்மிடமே படித்திருக்கும். அங்கே பிறப்பையும் பழக்கத்தையும் பிரிக்க முடியாது.

இன்னொன்று. என் கட்டுத்தரையின் 3ஐயும் பக்கத்துத் தோட்டத்தின் 3ஐயும் அப்படியே ஒப்பிடக் கூடாது. அங்கே கறப்பது பொறுமையான அக்கா, இங்கே கறப்பது அவசரக்காரனான நான். ஆகவே ஒவ்வொரு கிடேரிக்கும், அதே கட்டுத்தரையின் மற்றத் தலையீத்துக் கிடேரிகளின் சராசரியிலிருந்து எவ்வளவு கூட அல்லது குறைய என்று எழுதுங்கள். கட்டுத்தரையின் சராசரி 2.5, இந்தக் கிடேரி 3.5 என்றால் எழுத வேண்டியது ‘கூட 1’.

ஐந்தாம் படி: காளையின் எண்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்வேன் என்கிறவர் இதைச் செய்தால் போதும்.

சினை ஊசி போட வருபவர் நைட்ரஜன் கேனிலிருந்து எடுக்கும் மெல்லிய குழாய்தான் ஸ்ட்ரா. அதன் மேலே பொடி எழுத்தில் காளை எண், இனம், தயாரித்த தேதி, நிலையத்தின் குறி அச்சாகியிருக்கும். ஊசி போட்டு முடித்ததும் அதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். நாமும் “சினை நின்னா சரி” என்று விட்டுவிடுகிறோம். காளை எண் சாணியோடு போய்விடுகிறது. கன்றில் பாதி அந்தக் குழாயிலிருந்துதான் வந்தது.

நான் செய்வது: வெறும் ஸ்ட்ராவை வாங்கித் துடைத்து, நாப்பது பக்க நோட்டில் அந்த மாட்டின் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டிவிடுவேன். பக்கத்திலேயே தேதி, மாட்டின் காது வில்லையில் இருக்கும் 12 இலக்க எண், பேனாவில் இன்னொரு முறை காளை எண். ஸ்ட்ராவின் அச்சு நாளாக மங்கும். கன்று பிறந்ததும் அதே பக்கத்தில் கன்றின் வரி. ஊசி போடுபவர் ஆரம்பத்தில் சிரித்தார். இப்போது கேட்காமலே கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்.

இந்த நோட்டு எனக்கு முதலில் காட்டியது நான் எதிர்பார்க்காதது. எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் தலையீத்துக் கிடேரி ஒன்று. மடி கழுவும்போது வலது பின்னங்காலைத் தூக்கி, உதைக்காமல், அந்தரத்திலேயே ரெண்டு மூணு விநாடி வைத்துக்கொண்டு நிற்கும். நாய் மரத்தடியில் நிற்பது போல. என் கட்டுத்தரையில் பிறந்த ஒரு கிடேரியும் அதே மாதிரி. பால் சொசைட்டியில் இதைச் சொல்லிச் சிரித்தபோது இன்னொருவர், “எங்கூட்டுக் கெடேரியும் அப்பிடித்தானுங்க நிக்கிது” என்றார். மூன்றுக்கும் ஊசி போட்ட பதிவைத் தேடி எடுத்தோம். ஒரே காளை.

மூன்று கிடேரியை வைத்துக் காளையைத் தீர்த்துவிடலாமா? அடுத்த படி அதற்குத்தான்.

ஆறாம் படி: கணக்கு

பயப்பட வேண்டாம், கூட்டலும் வகுத்தலும்தான். ஒரு காளையின் மகள்கள் அவரவர் கட்டுத்தரைச் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறார்கள் என்று சராசரி எடுங்கள். பிறகு மகள்களின் எண்ணிக்கையை, அதோடு 19ஐக் கூட்டிவரும் எண்ணால் வகுத்து, அந்த விலகலோடு பெருக்குங்கள். இனி பிறக்கும் மகளிடம் எதிர்பார்க்க வேண்டிய விலகல் அதுதான். மரபுப் பங்கு 0.2 என்று வைத்தால் 19 வரும். அது 0.1 ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கும் சந்தேகக்காரர் 39 போட்டுக்கொள்ளட்டும்.

எங்கள் மூன்று கிடேரிகளும் சராசரியாக 1 கூட. மூன்றை 22ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.14. அடுத்த மகள் 0.14 அளவு கூடக் கால் தூக்குவாள் என்று எதிர்பார்க்கலாம். அவ்வளவுதான். காளையைத் தள்ள இது போதாது, கண் வைக்கப் போதும். அதுவே இன்னொரு காளைக்கு 40 மகள்கள், சராசரி விலகல் வெறும் அரை மதிப்பெண் என்று வையுங்கள். 40ஐ 59ஆல் வகுத்து அரையால் பெருக்கினால் 0.34. விலகல் பாதிதான், ஆனாலும் சேதி இரண்டு மடங்குக்கு மேல். காளை விஷயத்தில் தலை எண்ணிக்கைதான் பேசும்.

இப்போது தாயைப் பாருங்கள். உதைக்கிற மாடு ஒன்று, தன் கூட்டத்தைவிட 1 மதிப்பெண் கூட. அதில் 0.2 பங்கு மரபு, அதிலும் பாதிதான் கன்றுக்கு. ஆக 0.1.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றைக்குத்தான் எங்கள் ஊர் வழக்கம் தலைகீழாக இருப்பது தெரிந்தது. உதைக்கிற மாட்டின் கிடேரிக் கன்றை, “தாயப் பாரு, இதும் அப்பிடித்தான் வரும்” என்று சந்தைக்கு ஓட்டிவிடுகிறோம். தாயிடமிருந்து அதற்குப் போகக்கூடியது 0.1. ஊர் முழுக்க மகள்களை விட்டிருக்கும் காளையைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி வைப்பதில்லை.

நாலு மாடு வைத்திருப்பவர் தனியாக இதைச் செய்ய முடியாது. சொசைட்டியில் பால் ஊற்றும் பத்துப் பேர் சேர்ந்தால் முடியும். கனடா, ஆஸ்திரேலியா, நார்டிக் நாடுகளில் கறவைக் குணத்தை விவசாயிகளிடமே கேட்டு வாங்கி, காளைக்குக் காளை மதிப்புப் போட்டு வெளியிடுகிறார்கள். அங்கேயும் அடிப்படை, கறப்பவர் வாயால் சொல்லும் ஒரு மதிப்பெண்தான். நம் பக்கம் என் கைக்கு வந்த காளை விவரங்களில் பாலும் கொழுப்பும் இருந்தன, குணத்துக்கென்று ஒரு கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் நோட்டுதான் கட்டம்.

நோட்டால் இன்னொரு லாபம்: அப்பன் காளையையே மகளுக்கும் போட்டுவிடுவதைத் தவிர்க்கலாம். இது எங்கள் பக்கம் தெரியாமலே நடந்துகொண்டிருக்கிறது.

இனத்தைப் பற்றி, அளவோடு

திமில் உள்ள நம் மாடுகள் பொதுவாக ஐரோப்பிய மாடுகளைவிடச் சுதாரிப்பு அதிகம் உள்ளவை. பழகிய ஆளிடம் ஒட்டும், புது ஆளைக் கண்டால் ஒதுங்கும். கன்றை விட்டால்தான் சொரப்பு விடும் (பாலை இறக்கும்) பழக்கமும் அதிகம். கன்று இறந்தால் பாலை அடக்கிவிடுவது நாட்டு மாட்டில் சாதாரணம். எச்.எஃப். பசு பொதுவாக அமைதி. ஜெர்சிப் பசு கொஞ்சம் துறுதுறு. கேரளத்தின் கலப்பினமான சுனந்தினி, 1963இல் மூணாறுக்குப் பக்கத்து மாட்டுப்பெட்டியில் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டத்திலிருந்து வந்தது. உள்ளூர் மாட்டோடு முதலில் சேர்த்தது பிரவுன் சுவிஸ் இனம். அது சாந்தத்துக்குப் பேர்போனது. பின்னால் ஜெர்சியும் எச்.எஃப்.பும் கலந்தன. மூன்றடி உயரத்து வெச்சூர்ப் பசு கொல்லைப்புறத்திலேயே, வீட்டுப் பெண்கள் கையிலேயே வளர்ந்த இனம். 1989இல் மண்ணுத்தியில் டாக்டர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் தேடிப் பிடித்துக் காப்பாற்றியிருக்காவிட்டால் பேச்சோடு போயிருக்கும்.

ஆனால் இனத்துக்கும் இனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே இனத்துக்குள் மாட்டுக்கும் மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் நம் தொழுவத்தில் பெரிதாகத் தெரியும். இனப் பெயரைச் சொல்லி மாடு விற்பவரிடம் அப்பன் எண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

சுழி

நம் ஆட்கள் ராஜ சுழி, பாடைகட்டிச் சுழி, ஏறுபூரான், இறங்குபூரான் என்று நெற்றியிலிருந்து முதுகுவரை விரல் வைத்துப் பார்த்து விலை பேசுவார்கள். இதைக் கேட்டுச் சிரிக்கும் படித்த பிள்ளைகளுக்கு ஒரு சேதி. அமெரிக்காவின் கால்நடை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் கூட்டாளிகளும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், நெற்றிச் சுழி கண் மட்டத்துக்கு மேலே இருந்த மாடுகள், கண் மட்டத்திலோ கீழேயோ இருந்தவற்றைவிடக் கூண்டில் அதிகம் துள்ளின. கருவில் தோலும் நரம்பு மண்டலமும் ஒரே அடுக்கிலிருந்து உருவாவதால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் காரணம்.

இதைப் பிடித்துக்கொண்டு சுழி சாஸ்திரம் முழுவதும் மெய் என்று கிளம்ப வேண்டாம். பாடைகட்டிச் சுழி மாடு வாங்கினால் வீட்டில் சாவு விழும் என்பதை எந்த ஆய்வும் சொல்லவில்லை. நல்ல கறவை மாடு அந்த ஒரு சுழிக்காக அடிமாட்டு விலைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். கண் மட்டத்துக்கு மேலே சுழி இருந்தால் வாங்கும் முன் இன்னொரு முறை கறந்து பாருங்கள். சுழியிடம் அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

காளைக்கன்று: எச்சரிக்கை

பசுவை வைத்துக் காளையை எடைபோடக் கூடாது. கறவை இனக் காளைகள், குறிப்பாக ஜெர்சி, உடம்பு சிறிதாக இருந்தாலும் ஆபத்தில் முன்னே நிற்பவை. இதில் வளர்ப்பின் கை பெரிது. 1990இல் ஹெர்ஃபோர்டு என்ற இறைச்சி இனக் காளைகளைப் பற்றி வந்த ஆய்வில், பிறந்த சில நாளிலேயே தாயை விட்டுப் பிரித்துத் தனித்தனியாகப் புட்டிப்பாலில் வளர்த்தவற்றில் பெரும்பாலானவை பின்னால் ஆளை முறைத்தன. கூட்டமாக வளர்த்தவற்றில் அது மிகக் குறைவு. தனியாக வளர்ந்த கன்று மனிதனைத் தன் இனம் என்று நினைத்துவிடுகிறது. வயசுக்கு வந்ததும் தன் இனத்தோடு போடும் சண்டையை நம்மோடு போடுகிறது.

ஆகவே பிள்ளைகள் காளைக்கன்றின் நெற்றியைத் தள்ளி விளையாடுவதைக் கண்டிப்பாக நிறுத்துங்கள். கன்றுக்கு அது விளையாட்டு, இரண்டு வருஷம் கழித்து முந்நூறு நானூறு கிலோவோடு அதே விளையாட்டுக்கு வரும். பூச்சிக்காளை (இனச்சேர்க்கைக்கு வைக்கும் காளை) வளர்ப்பவர்கள் கன்றை மற்றக் கன்றுகளோடு விடுங்கள். எத்தனை சாதுவாக இருந்தாலும் அதற்கு முதுகைக் காட்டாதீர்கள்.

மீதி முக்கால்வாசி: கிடேரியை வளர்ப்பது

நல்ல காளையின் மகளாக இருந்தாலும் முதல் கறவையில் பட்ட அடி மறக்காது. மாட்டுக்குப் பயத்தின் நினைவு ஆழமானது. ஊசி போட்ட அதே மூலையில், அதே நீல லுங்கிக்காரர் நின்றால் ஒரு வருஷம் கழித்தும் மிரளும். பயந்தால் அட்ரீனலின் சுரந்து, பாலை இறக்கும் ஆக்சிடோசினின் வேலையைக் கெடுக்கிறது. அடித்துக் கறப்பவருக்குப் பால் குறைவதும் அதனால்தான்.

கன்றாக இருக்கும்போதே தினம் கொஞ்ச நேரம் தடவிப் பழக்குங்கள். சினைக் கிடேரிக்குக் கடைசி ஒரு மாதம், மற்ற மாடுகளைக் கறக்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இடுப்பிலிருந்து தொடங்கி மடிவரை கை வைத்துப் பழக்குங்கள். காலைத் தூக்கினால் கையை உடனே எடுக்காதீர்கள். தூக்கினால் கை போகும் என்று அது படித்துக்கொள்ளும். இறக்கும்வரை கை அங்கேயே இருக்கட்டும், இறக்கியதும் எடுங்கள். எங்கள் வீட்டில் இதை என் மருமகள்தான் செய்கிறாள். “மாமா, நீங்க வந்தா அது காது ரெண்டையும் பின்னால மடக்கிக்குது, அங்கயே நில்லுங்க” என்று என்னைத் தூரத்தில் நிறுத்திவிடுகிறாள்.

மாட்டின் நேர் பின்னால் அதற்குக் கண் தெரியாத இடம். அங்கிருந்து சத்தமில்லாமல் வந்து மடியைத் தொட்டால் எந்த 1 மதிப்பெண் மாடும் 4 ஆகும். பக்கவாட்டில் பேசிக்கொண்டே வாருங்கள்.

ஏற்கனவே உதைக்கிற மாட்டை என்ன செய்வது

அணைச்சுக் கட்டிக் கறந்துகொண்டே, நோட்டில் மகள்கள் அமைதி என்று காட்டும் காளையாகப் பார்த்து அடுத்த ஊசி போடலாம். தாயிடமிருந்து வரும் 0.1ஐ ஈடுகட்டுவது பெரிய காரியம் இல்லை. ஆளைத் தேடிப் பாயும் மாட்டுக்கு மட்டும் இந்தப் பொறுமை வேண்டாம். வீட்டில் குழந்தையும் வயசானவரும் இருக்கிறார்கள்.

என் மாட்டை மூணு வருஷம் வைத்திருந்தேன். நோட்டில் ஐந்தே மகள்கள் உள்ள, ஆனால் ஐந்தும் கட்டுத்தரைச் சராசரிக்குக் கீழே நின்ற ஒரு காளையின் ஊசி போட்டு, ஒரு கிடேரி பிறந்தது. அப்புறம் தாயைக் கொடுத்துவிட்டேன். வாங்க வந்த பாலக்காட்டுச் சித்தூர்க்காரர் வழக்கம்போலக் கேட்டார், தொழிக்குமோ என்று. தொழிக்கும், கட்டினால் எட்டு லிட்டர் குறையாது என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, விலையில் ரெண்டாயிரம் குறைத்துக்கொண்டு ஓட்டிப்போனார்.

கிடேரி இந்தச் சித்திரையில் கன்று போட்டது. மூணாவது வாரம் மருமகள் கறக்க, நான் தள்ளி நின்று பார்த்தேன். வலது கால் ஒரு முறை இடம் மாறியது, தரையை விட்டு எழவில்லை. ஸ்ட்ரா ஒட்டிய பக்கத்தில் 2 என்று எழுதியிருக்கிறேன். இன்னும் இரண்டு தடவை பாக்கி.